மிச்சக் கலவை

பெயிண்ட் டின்னைக் குலுக்கும் இயந்திரம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. கலரக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை அழுத்தினாள்.

"என்ன இருந்தாலும் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா. குரலில் மனத்தாங்கல்.

"எதைக்கா?"

"தளம் போடுறதை. தெருவை அடைச்சிக்கிட்டு பெரிய லாரி நிக்குது, வயித்தைச் சுத்திக்கிட்டு. உங்க பின்பக்கக் கேட்டைத் திறந்து கான்கிரீட் கொட்டுறாங்க. உன் வீட்டுக்காரரோட அண்ணன் நின்னு கை காட்டுறாரு. ஏண்டி, தோட்டமே வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?"

கலரக்காவின் கை தானாக இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெயிண்டர், "கலரக்கா, இன்னும் ஒரு நிமிஷம் ஆடணுமே, மஞ்சள் கலக்கலையே," என்றார்.

"நீங்களே குலுக்கிக்குங்க!" என்றாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வெளியே ஓடினாள்.

மணி பன்னிரண்டு பத்து.

ஹார்டுவேர் கடையில் நிறம் கலக்கும் கவுண்டர் அவளுடையது. ஏழு வருஷமாக அதே ஸ்டூல். கொத்தனார்களும் பெயிண்டர்களும் வைத்த பெயர்தான் கலரக்கா. நிறம் பிடிக்கவில்லை என்று ஜனங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும் டின்களைக் கடை முதலாளி அடிமாட்டு விலைக்கு அவளுக்குத் தருவார். அவள் வீட்டுச் சுவர்கள் அப்படித்தான் நிறம் கண்டன. யாரோ வேண்டாம் என்ற மாம்பழ மஞ்சள் சமையலறையில், யாருடைய மாமியாருக்கோ பிடிக்காமல் போன நீலம் கூடத்தில். பழப்பெட்டிகளை அடுக்கிச் செய்த அலமாரி. பழைய படுக்கை விரிப்பைச் சாயத்தில் முக்கித் தைத்த திரைச்சீலை. கணவனின் அண்ணன், மூத்தவர், ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கு. டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்று சிரித்தார். அவள் கணவனும் கூடச் சிரித்தான்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஏனென்றால் பின்பக்கம் தோட்டம் இருந்தது.

சொல்லப்போனால், தோட்டம் இருக்கவில்லை. அவள்தான் அதை உண்டாக்கினாள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, ரோட்டோரத்து மனை மூத்தவருக்கும், இந்தச் சின்ன வீடு இளையவனுக்கும் வந்தது. வீட்டின் பின்னால் கடப்பாரை போட்டால் 'டங்' என்று திருப்பி அடிக்கும் கட்டாந்தரை. அதில் கால்வாசியைத்தான் முதல் வருஷம் அவளால் கொத்த முடிந்தது. டீக்கடையில் வடிகட்டிப் போட்ட தூள், காய்கறிக்கடைக் கழிவு, தையல்காரம்மா வீட்டு முட்டை ஓடு என்று எல்லாவற்றையும் குழியில் போட்டு, மூடி, கிளறி, ஒன்றரை வருஷம் மக்கவைத்தாள். அதன்பிறகுதான் மண் கறுத்தது. ஒரு மழை நாளில் கையை விட்டபோது மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. அன்றைக்கு அவள் அழுதாள், யாருக்கும் தெரியாமல்.

சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. தோட்டத்தின் வரைபடம். ஒரு கட்டம் ஒரு அடி. மாதச் சம்பளத்தில் ஒதுக்க முடிந்தது சொற்பம். அதனால் ஒரு மாதத்துக்கு ஒரு வேலை என்று கணக்கு. எலுமிச்சைக் கன்று ஒரு மாதம். உடைந்த டைல்ஸ் பதித்த நடைபாதை, அதுவும் கடைக் குப்பையில் பொறுக்கியது, மூன்று மாதம். மல்லிக்கொடிக்குப் பந்தல் இரண்டு மாதம். கடைசிக் கட்டத்தில், பந்தலின் நிழலில், இரண்டு நாற்காலிகள் வரைந்திருந்தாள். பழைய இரும்புக்கடையில் கிடைத்த நாற்காலிகள். துரு தேய்த்துக் கிளிப்பச்சை அடித்து, காய்ந்து, தயாராக வராந்தாவில் நின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டு உட்கார வேண்டியது. அவளும் அவனும்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தாள். வாழ்க்கையில் அவள் ஆட்டோவில் வேலையிலிருந்து வீடு திரும்பியது அதுவே முதல் தடவை.

தெருமுனையில் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மூத்தவர் டிரைவர் பக்கத்து இருக்கையில் ஒரு காலை வைத்து ஏறப்போனார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக இறங்கினார். கட்டட கான்ட்ராக்டர். சட்டைப்பையில் மூன்று பேனா, எதிலும் மை இருக்காது.

"வாம்மா! சரியான நேரத்துக்கு வந்துட்ட. போய்ப் பாரு பின்னாடி. பைசா செலவில்லாம தளம் போட்டுக் குடுத்துட்டேன்!"

"யாரைக் கேட்டு மாமா கொட்டினீங்க?"

"யாரைக் கேக்கணும்? தம்பிகிட்ட போன்ல சொன்னேன். சரிண்ணேன்னான்." அவர் குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் போலச் சொன்னார். "சைட்ல கூரை போட்டோம். லாரியில கொஞ்சம் கலவை மிச்சமாயிடுச்சு. அப்படியே விட்டா லாரிக்குள்ளேயே இறுகிடும். எங்கயாவது கொட்டியாகணும்ல? ரோட்டோரம் கொட்டினா முனிசிபாலிட்டிக்காரன் பிடிச்சிக்குவான். அப்பதான் நினைச்சேன். நம்ம தம்பி வீட்டுல சும்மா கிடக்குற இடம் இருக்கேன்னு."

"சும்மா கிடக்குற இடமா?"

"ரெண்டு செடி இருந்துச்சு. அதான் ஓரமா ஒண்ணு ரெண்டு விட்டிருக்கேன். கார் நிறுத்தலாம்மா!"

"எங்ககிட்ட கார் இல்ல."

"நாளைக்கு வாங்க மாட்டீங்களா? வாங்குற வரைக்கும் என் சாரக் கம்பி, பலகையெல்லாம் கொஞ்சம் கிடக்கட்டும். நமக்குள்ள என்ன இருக்கு?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொட்ட இடமில்லாத குப்பை, அடுக்க இடமில்லாத கம்பி, இரண்டுக்கும் ஒரே கல்லில் வழி பண்ணிவிட்டு, அதற்குப் பெயர் உதவி. உள்ளங்கால் முதல் உச்சி வரை அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, இப்பவே ஆளை விட்டு அள்ளச் சொல்லுங்க."

"அள்ளுறதா!" வாய்விட்டுச் சிரித்தார். "பெயிண்ட் கடையில இருக்கியே, கலவையைப் பத்தித் தெரியாதா? இந்த வெயில்ல ரெண்டு மணி நேரத்துல கல்லாயிடும். மூணு மணிக்கு ஆளோட வரேன். பூசி மெழுகிடலாம். அதுவரைக்கும் யாரும் கால் வைக்காதீங்க, தடம் விழுந்துடும்."

அவர் ஏறிக்கொண்டார். லாரி போய்விட்டது. ஆட்கள் கொண்டு வந்த மண்வெட்டிகளும் தள்ளுவண்டியும் கேட் ஓரத்தில் கிடந்தன. வாசலில் அவருடைய சின்ன லோடு வண்டி, பின்பக்கம் திறந்தபடி, காலியாக நின்றது.

கலரக்கா பின்பக்கம் போனாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நாக்கு கேட்டிலிருந்து நடைபாதையைத் தாண்டிப் பந்தல் வரைக்கும் நீண்டு கிடந்தது. புதினாப் பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. தக்காளிச் செடிகளின் நுனி மட்டும் இரண்டு இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, தண்ணீரில் மூழ்குகிறவன் விரல் போல. எலுமிச்சைக் கன்று சாய்ந்து, கணுக்கால் அளவுக் கலவையில் நின்றது. மல்லிக்கொடியின் அடித்தண்டைச் சுற்றிச் சாம்பல் மோதிரம். வெயிலில் கான்கிரீட்டின் மேல் தண்ணீர் பளபளத்து, ஓரங்களில் வற்றத் தொடங்கியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். "உன் முகத்தைப் பார்த்தா நீ சொல்லித்தான் போட்டாங்கன்னு தோணலையே."

"அக்கா, மணி என்ன?"

"பன்னெண்டு நாப்பது."

விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள் கலரக்கா. இன்னும் கூழ்தான். ஆனால் அவள் ஒருத்தி அள்ளி முடிப்பதற்குள் பாதி கல்லாகிவிடும். அதுவும் நிச்சயம். மூத்தவருக்கு அது தெரியும். அதனால்தான் சிரித்தார்.

மூத்தவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்பதைவிட, அது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்பதை அவர் மறந்துவிட்டார் என்று சொல்லலாம். பெயிண்ட் கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்குக் காது இருக்கிறது என்பதைக் கொத்தனார்கள் எப்போதும் மறந்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு கிழட்டுக் கொத்தனார், கூலியைத் தராமல் இழுத்தடித்தவன் வீட்டுக் கலவையில் தான் எதைப் போட்டுவிட்டு வந்தார் என்பதைச் சக கொத்தனாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை, அவள் ரோஜா நிறம் கலந்தபடியே கேட்டிருந்தாள்.

தெருமுனை மளிகைக்கடைக்கு ஓடினாள்.

"சர்க்கரை. பத்து கிலோ."

கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "என்னம்மா, வீட்டுல கல்யாணமா?"

"இல்ல. அடிதடி."

"அதுக்கு எதுக்கு இனிப்பு?"

"அண்ணே, எடை போடுங்க!"

பக்கெட்டில் தண்ணீர், தண்ணீரில் சர்க்கரை. கையால் கலக்கினாள். தையல்காரம்மா வேலிக்கு மேலே இரண்டு பக்கெட்டுகளை நீட்டிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு தானும் வந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா உன் கோபத்தைப் பார்த்தா ஏதோ விஷயம் இருக்கு."

"சர்க்கரை பட்டா சிமெண்ட் இறுகாதுக்கா. நாளைக்கு வரைக்கும் கூழாவே கிடக்கும். ஊத்துங்க, நான் கிளறுறேன்."

கணவனின் ரப்பர் பூட்ஸ் அவளுக்கு இரண்டு அளவு பெரியது. போட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும் உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வார்த்தை. "டிக்கெட்." சதக். "எங்க." சதக். "வாங்கணும்." சதக்.

"யாரைத் திட்டுற?" என்றாள் தையல்காரம்மா.

"எல்லாரையும்!"

ஒன்றேகாலுக்கு அவள் கணவன் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் வீட்டுக்குச் சாப்பிட வருவான். சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். சாவி சுற்றுவதும் நின்றது.

"ஐயோ," என்றான். "இவ்வளவு பெருசா கொட்டிட்டாரா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"என்ன கேட்டாரு உங்கண்ணன்?"

"வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். சிக்னல்ல போன் வந்துச்சு. மிச்சக் கலவை இருக்கு, பின்னாடி கொட்டிக்கட்டுமான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் மென்று விழுங்கினான். "சரிண்ணேன்னு... பழக்கதோஷத்துல வந்துடுச்சு. ஓரமா எங்கயாச்சும் கொட்டுவாருன்னு நினைச்சேன்."

"பின்னாடி என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

நீங்க என்பது 'நீ' ஆகிவிட்டிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. தையல்காரம்மா பக்கெட்டில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றான் அவன், மெதுவாக.

"பாகம் பிரிக்கும்போது ரோட்டோர மனை எனக்குன்னாரு. சரிண்ணே. உங்கப்பாவோட சைக்கிளைத் தூக்கிட்டுப் போனாரு. சரிண்ணே. என் வீட்டுச் சுவரைப் பார்த்து சர்க்கஸ்னாரு, அதுக்கும் நீ பல்லைக் காட்டின. நானும் வாயை மூடிக்கிட்டேன். ஏன்னா இந்த மண்ணு இருந்துச்சு. கையால கொத்தி, குப்பையைச் சுமந்து, பிச்சைக்காரி மாதிரி டீக்கடை டீக்கடையா அலைஞ்சு நான் பண்ணின மண்ணு. இதை நீ ஒரு சிக்னல்ல குடுத்துட்ட. பச்சை விளக்கு எரியறதுக்குள்ள!"

அவன் கையைப் பிசைந்தான். "அண்ணன் வரட்டும், நான் பேசிப் பாக்குறேன்..."

"நீ பேசுறது எனக்குத் தெரியும். ஒத்தை வார்த்தைதான். அதைப் பேசாம, அந்தத் தள்ளுவண்டியைத் தள்ளு."

"எங்க கொட்டுறது?"

கலரக்கா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். திறந்த பின்கதவோடு நின்ற லோடு வண்டி.

அவன் முகம் வெளுத்தது. "அது அண்ணனோட வண்டி."

"இதுவும் அண்ணனோட கலவை."

ஒரு கணம் அவன் அசையவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். ஒரு பலகையைச் சாய்த்து லோடு வண்டிக்குப் பாதை போட்டான். முதல் நடை. இரண்டாம் நடை. தையல்காரம்மா தண்ணீர் அடித்தாள், கலரக்கா வெட்டி அள்ளினாள், அவன் தள்ளினான். பத்தாவது நடையில் லோடு வண்டியின் பின்சக்கரங்கள் பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கின. பதினைந்தாவது நடையில் அவன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. காட்ட வந்தான்.

"தள்ளு," என்றாள்.

இரண்டரை மணிக்குக் கறுப்பு தெரிந்தது. ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு. அவள் மண்டியிட்டாள். சிமெண்ட் தண்ணீர் இறங்கியிருந்த மேல்மண்ணை ஒரு விரற்கடை ஆழத்துக்கு வழித்தெடுத்தாள். அதற்குக் கீழே அவளுடைய மண், ஈரமாக, டீத்தூள் வாசனையோடு இருந்தது. எலுமிச்சைக் கன்றின் தண்டைத் துணியால் துடைத்து, குடத்துத் தண்ணீரால் நான்கு தடவை கழுவினாள். மல்லிக்கொடியின் மோதிரத்தைப் பிய்த்து எறிந்தாள். புதினா போயிற்று. தக்காளி போயிற்று. டைல்ஸ் நடைபாதையில் பாதி, லாரியிலிருந்து கலவை வழியும் தகரச் சரிவு இடித்து நொறுங்கியிருந்தது.

"எலுமிச்சை பிழைக்குமா?" என்றாள் தையல்காரம்மா.

"தெரியலக்கா."

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. சத்தம் இல்லை, அலறல்.

"என்னடா இது! யாருடா என் வண்டியில கொட்டினது!"

மூத்தவர் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார். பூசுவதற்குக் கூட்டி வந்த ஆள், கையில் மட்டப்பலகையோடு, எதைப் பூசுவது என்று தெரியாமல் விழித்தான். லோடு வண்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து, பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கலரக்கா பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில், முடியில், ஏப்ரனில், எல்லாவற்றிலும் சாம்பல்.

"உங்க மிச்சம்தான் மாமா. மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்க."

"பைத்தியமா உனக்கு? இறுகிப்போனா வண்டியைக் காயலான் கடையிலதான் போடணும்!"

"இறுகாது. சர்க்கரை போட்டிருக்கேன். பத்து கிலோ. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கூழாத்தான் இருக்கும், மெதுவா நல்ல இடமாப் பாத்துக் கொட்டுங்க. உங்களுக்கு ஒரு நாள் டைம் குடுத்திருக்கேன் மாமா. எனக்கு நீங்க ஒரு நிமிஷம்கூடக் குடுக்கல."

பூச வந்த ஆள், "சர்க்கரையா?" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க மட்டப்பலகையால் வாயை மறைத்துக்கொண்டான்.

மூத்தவர் முகம் கறுத்தது. அவளைத் தாண்டி, பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார். குரல் திடீரென்று சாந்தமாயிற்று. அந்தச் சாந்தம்தான் பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போன குரல்.

"டேய். பொம்பளை ஏதோ கோபத்துல பண்ணிட்டா. விடு. இவன் இருக்கான், இன்னும் ரெண்டு பேரை வரச் சொல்றேன். திரும்ப அங்கயே கொட்டி, ராத்திரிக்குள்ள சமம் பண்ணிடுவோம். சர்க்கரை போட்டதுன்னா ரெண்டு நாள் லேட்டா இறுகும், அவ்வளவுதானே. சரிதானேடா?"

தையல்காரம்மா கழுத்து நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கலரக்கா திரும்பிக் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் தான் கெஞ்சிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். லோடு வண்டியின் ஓரத்தில் சொட்டிய சாம்பல் துளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் மண்ணைக் காப்பாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பின்னால் அவன் தொண்டையைச் செருமினான்.

"இல்லண்ணே."

"என்னது?"

"வேணாம்ண்ணே." சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனால் வந்தது. "வண்டியை எடுத்துட்டுப் போங்க. சாரக் கம்பியும் இங்க வேணாம்."

"அப்ப கம்பியை நான் எங்கடா வைக்கிறது?"

"உங்க மனையில இடம் இருக்குல்ல. ரோட்டோரமா."

உங்களுக்குப் போய் நல்லது பண்ண வந்தேன் பாரு என்று மூத்தவர் ஆரம்பித்து, நன்றி, ரத்தபாசம், அப்பாவின் ஆத்மா என்று வரிசையாகப் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. அதனால் பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. லோடு வண்டி முனகிக்கொண்டு தெருவில் ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து ஒரு கரண்டிக் கலவை தளும்பி விழுந்து, தெருக்கோடி வரைக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போனது.

மாலைச் சவாரி முடித்து அவன் திரும்பியபோது ஆறு மணி. சமையலறையின் மாம்பழ மஞ்சளில் கடைசி வெயில் விழுந்திருந்தது. கலரக்கா குளித்து, கையில் எரிச்சலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கட்டம் போட்ட தாளை மேசையில் விரித்து வைத்திருந்தாள். பென்சில், அழிரப்பர். புதினாவை அழித்தாள். தக்காளியை அழித்தாள். நடைபாதையில் மூன்று மாதத்தைத் திரும்ப எழுதினாள். எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அவன் கதவோரத்தில் நின்றான். கையில் கட்டு. "நடைபாதையை நான் போடுறேன்," என்றான். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

அவள் கேள்விக்குறியை இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

"டீக்கடைத் தூளையும் இனிமே நான் வாங்கிட்டு வரேன். வேன் போற வழியில நாலு கடை இருக்கு."

"ஆறு இருக்கு," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"ஆறு கடையிலயும் வாங்குறேன்."

பென்சில் பந்தலுக்கு வந்தது. நிழலில் இரண்டு நாற்காலிகள். வலப்பக்கம் இருந்த அவனுடைய நாற்காலியின் மேல் அவள் அழிரப்பரை வைத்தாள். அவன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அழித்தாள். தாளின் மேல் விழுந்த தூளை ஊதினாள். பிறகு பந்தலுக்கு வெளியே, நிழலிலிருந்து நான்கு அடி தள்ளி, வெட்டவெளியில் அதே நாற்காலியை வரைந்தாள்.

அவன் குனிந்து பார்த்தான்.

"இங்க வெயில் அடிக்குமே," என்றான்.

"அடிக்கும்," என்றாள் கலரக்கா.